வால் வைத்த எழுத்து

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு லீலா கடைக்குள் நுழைந்தபோது, ஃப்ளோரன்ஸ் ஒரு இன்வெர்ட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரணி பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் எது கெட்டுப்போனாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஃப்ளோரன்ஸ் ஒரு பாலிடெக்னிக்கில் இருபது வருஷம் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தைக் கட்டி மேய்த்துவிட்டு வந்தவர். சாமானில் மட்டுமல்ல, ஆட்கள் சொல்லும் கதையிலும் ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பரப்பியவர் அவருடைய கொழுந்தன் சார்லி.

சார்லிக்கு நாற்பத்திரண்டு வயது, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பாலிசி பிடிக்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அண்ணியின் கடையில்தான் இருப்பார். அழுத முகத்தோடு யாராவது வந்துவிட்டால் போதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்றும் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, நான் சேவூர்ல தனகோடி மொதலாளி கொட்டாய்ல பட்டு நெய்யறவ. பேரு லீலா," என்றாள் வந்தவள். "திருடினேன்னு சொல்லியிருந்தாகூட தாங்கிகினு இருப்பேன். வேணும்னே சேலையைக் கெடுக்கறேன்னு சொல்றாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லா நெசவுக்காரங்களையும் கூப்பிட்டு வெச்சு என்னை நிறுத்தப் போறாங்க. அப்படி நிறுத்திட்டா, சேவூர்ல அப்புறம் ஒருத்தர்கூட எனக்குத் தறி தரமாட்டாங்க."

ஃப்ளோரன்ஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "மொதல்லேர்ந்து சொல்லும்மா."

லீலா சொன்னது இதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் தனகோடி தன் தறி ஒன்றுக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டு வாங்கிப் போட்டார். பழைய முறையில், ஓட்டை போட்ட அட்டைகள்தான் எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று சொல்லும். புதிய முறையில் அந்த வேலையைச் சின்னச் சின்ன மின்காந்தங்கள் செய்கின்றன. மிதிப்பதும் குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுவதும் மட்டும் லீலாவின் வேலை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பத்து நாளாக மட்டும் சேலையில் பூவேலையாக வரும் மயில் புட்டாவில் ஒரு கோடு அறுந்து வருகிறது. அதுவும் மதியம் இரண்டு மணிக்கு மேல்தான். இரண்டு மணிக்குத்தான் தனகோடி கொட்டகையை விட்டு டவுனில் இருக்கும் கடைக்குப் போவார்.

"மொதலாளி இருந்தா ஒழுங்கா நெய்யறேன், தலை மறைஞ்சா கெடுக்கறேன்னு முடிவு கட்டிட்டாங்க. மிஷின் வந்த புதுசுல, இதுக்கு அட்டையே தேவலாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதையும் சேத்துப் பிடிச்சுகினாங்க."

"மிஷினை யாரும் பாக்கலையா?" என்று கேட்டார் சார்லி.

"மிஷின் போட்டுக் குடுத்த ஸ்டீவ் சாரு திங்கக்கிழமை வந்தாருங்க. டி.வி. மாதிரி ஒரு பெட்டி கொண்டாந்து, அதுல வந்த படத்தை ஃபோன்ல பிடிச்சுக் காட்டினாரு. சிக்னலு சுத்தமா இருக்குது, மிதியை அரைகுறையா மிதிச்சாதான் இப்படி ஆவும்னு சொல்லிட்டாரு."

"ஆஸிலோஸ்கோப்," என்றார் ஃப்ளோரன்ஸ். மேசை ஓரத்தில் இருந்த தன்னுடைய பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "இதானே? மின்சாரம் எப்படி ஏறி இறங்குதுன்னு கோடு போட்டுக் காட்டும். கீழேர்ந்து மேலே போறது வோல்ட்டு. இடமிருந்து வலம் போறது நேரம். ஒரு கட்டத்துக்கு எவ்வளவு வோல்ட்டு, எவ்வளவு நேரம்னு அடியில எழுதியிருக்கும். அந்தப் படம் உங்கிட்ட இருக்கா?"

"அனுப்பச் சொன்னேன், குடுக்கல. ஆனா ஒருவாட்டி நல்லா பாத்துட்டேன்." லீலா பையிலிருந்து மடித்த கிராஃப் தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். "கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் சேலை டிசைனுக்கு கிராஃப் போட்டவ நானு. கட்டத்துல இருந்தா மறக்காது. வீட்டுக்குப் போய்ப் போட்டுட்டேன்."

பென்சிலால் பத்துக் கட்ட அகலம், எட்டுக் கட்ட உயரத்துக்கு எல்லை போட்டிருந்தாள். உள்ளே கோடு ஒரு கட்ட அகலம் மேலே, ஒரு கட்ட அகலம் கீழே என்று ஐந்து முறை ஏறி இறங்கியது. ஏற்றத்தின் உயரம் சரியாக மூன்று கட்டம். அடியில் இருந்த எழுத்துகளைக்கூட விடவில்லை. ஒன்று புள்ளி சைபர் சைபர், பக்கத்தில் இங்கிலீஷ் 'வி'. கொஞ்சம் தள்ளி ஐந்நூறு, அதன் பக்கத்தில் இங்கிலீஷ் 'யு', அப்புறம் 'எஸ்'. அந்த 'யு'வுக்கு இடது பக்கம் கீழே நீட்டி ஒரு வால் இருந்தது.

ஃப்ளோரன்ஸ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த அவருடைய டீ ஆறிப்போய் ஏடு கட்டியது.

"இந்த வால் நெஜமா இருந்துச்சா? பென்சில் வழுக்கிடலையே?"

"இருந்துச்சுங்க. எழுத்து எனக்கு அவ்வளவா வராது. இருந்ததை இருந்தபடிதான் போடுவேன்."

"நிமிஷத்துக்கு எத்தன தடவை மிதிப்பே?"

"அறுபது வாட்டி இருக்கும். கைத்தறிதானுங்களே."

"ரெண்டு மணிக்கு மேல கொட்டாய்ல வேற யாரு வருவாங்க?"

"அபிதாக்கா. அபிதகுசாம்பாள். தார் சுத்தறவங்க. நாடாவுக்குள்ள போடற குச்சியில நூல் சுத்திக் குடுப்பாங்க. வீட்டு வேலை முடிச்சுட்டு ரெண்டரைக்குத்தான் வருவாங்க."

சார்லி தொடையில் தட்டினார். "அண்ணி! ஆளு கெடச்சாச்சு!"

"யாரு?"

"அபிதகுசாம்பாள்தான். அவங்க வந்தா கெடுது, வரலன்னா கெடல."

"காரணம்?"

சார்லி யோசித்தார். "பொறாமை," என்றார் கடைசியில். அவருடைய எல்லா வழக்குகளிலும் அதுதான் காரணம். ஃப்ளோரன்ஸ் தாளைப் பத்திரமாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குச் சார்லியின் ஸ்கூட்டர் சேவூரில் போய் நின்றது. அவர் மடியில் ஒரு கனமான பை இருந்தது. ஓட்டி வந்தது ஃப்ளோரன்ஸ். லீலா டவுன் பஸ்ஸில் முன்னமே வந்து சேர்ந்திருந்தாள்.

தனகோடிக்கு இந்த வருகை பிடிக்கவில்லை. அன்று கூட்டம் இருந்ததால் அவர் கடைக்குப் போகவில்லை. "பேஜாரு பண்ணாதீங்கம்மா. நானே ஆளை வெச்சு மீட்டர் போட்டுப் பாத்துட்டேன். இருபத்துநாலு வோல்ட்டு, அசையாம காட்டுது. மிஷின் மேல தப்பே இல்ல."

"மீட்டர் நிதானமா பாத்து ஒரு நம்பரைச் சொல்லும். கண்ணிமைக்கிற நேரத்துல விழுந்து எழுந்தா அதுக்குத் தெரியாது," என்றார் ஃப்ளோரன்ஸ். "நான் எதையும் கழட்டமாட்டேன். பாத்துட்டுப் போறேன்."

முதலில் கெட்டுப்போன சேலையைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தார். அறுந்த கோடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஏறக்குறைய ஒவ்வொரு சாணுக்கும் ஒன்று. இடையில் ஒன்றிரண்டு தப்பியிருந்தது.

பிறகு மூலையில் தார் சுற்றிக்கொண்டிருந்த அபிதகுசாம்பாளிடம் போய் உட்கார்ந்தார். ஒரு குச்சி நிறைந்ததும் அந்த அம்மாள் தார் சுற்றும் மோட்டாரை நிறுத்தினார். வேறு குச்சியைச் செருகி மறுபடி சுவிட்சைப் போட்டார். தலைக்கு மேலே டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டிவிட்டு எரிந்தது. சார்லி அந்த நேரம் அபிதகுசாம்பாளின் முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததால் லைட்டைக் கவனிக்கவில்லை.

கடைசியாக ஃப்ளோரன்ஸ் தறிக்கு மேலே பலகையில் இருந்த மின்சாரப் பெட்டியின் முன்னால் நின்றார். காந்தங்களுக்கு இருபத்துநாலு வோல்ட் கொடுக்கும் பெட்டி அது. காற்றுப் போக வைத்திருந்த ஓட்டைகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் ஒரு ஓட்டையைத் துடைத்துச் சார்லியின் மூக்குக்கு நேரே நீட்டினார். விரலில் பழுப்பாக ஒரு மாவு ஒட்டியிருந்தது. சார்லி இரண்டு தும்மல் போட்டார்.

"என்ன வாசனை?"

"எங்க மாமனார் வீட்டு மாட்டுக் கொட்டாய் வாசனை, அண்ணி."

"மொதலாளி, இங்க மாடு இருக்கா? நெல்லு அரிசி எதாவது வெக்கறதுண்டா?"

"பட்டு நெய்யற எடத்துல நெல்லு வெப்பாங்களா? எலி வந்து தறியில பூட்டின பாவு நூலையே கடிச்சுப் போட்டுடும்," என்றார் தனகோடி எரிச்சலோடு.

"சரி. அஞ்சு மணிக் கூட்டத்துக்கு ஸ்டீவையும் வரச் சொல்லுங்க. அந்த ஸ்கோப்பையும் கையோட கொண்டுவரச் சொல்லுங்க."

ஐந்து மணிக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. பதினைந்து நெசவாளர்கள் இருந்தார்கள். லீலா தறி ஓரமாக, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். ஸ்டீவ் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். ஃப்ளோரன்ஸைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு அந்த முகம் மறக்காது.

"தம்பி, திங்கக்கிழமை இந்தப் படத்தை எங்க வெச்சு எடுத்தீங்க?" தனகோடியின் ஃபோனுக்கு ஸ்டீவ் அனுப்பியிருந்த படத்தை ஃப்ளோரன்ஸ் காட்டினார்.

"மேக்னட்டுக்குப் போற ஒயர்லதான் மேடம். தறி ஓடிகினு இருக்கும்போதே எடுத்தேன். ஒரு கட்டம் அரை விநாடி. அரை விநாடி மேலே, அரை விநாடி கீழே. லீலா மிதிக்கிற வேகம் அப்படியே தெரியுது பாருங்க."

"அந்த ஒயர்ல எத்தன வோல்ட்டு வரும்?"

"இருபத்துநாலு."

ஃப்ளோரன்ஸ் கைப்பையிலிருந்து கிராஃப் தாளை எடுத்து ஃபோனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது லீலா ஒரே ஒரு தடவை பாத்துட்டு வீட்டுல போய்ப் போட்டது. எங்கியாவது ஒரு கட்டம் மாறியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

நெசவாளர்கள் நெருங்கி வந்து எண்ணினார்கள். அவர்களுக்கு எண்ணுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கட்டம்கூட மாறவில்லை என்று பின்னால் ஒரு குரல் வந்தது.

"ஒரு கட்டம் உயரம் ஒரு வோல்ட்டுன்னு அடியில எழுதியிருக்கு. படம் மூணு கட்டம் உயரம். அப்போ மூணு வோல்ட்டு. மீதி இருபத்தோரு வோல்ட்டு எங்க போச்சு?"

"ஒயர்ல மாட்டற ப்ரோப்ல ஒரு சுவிட்சு இருக்குது மேடம். அதைப் போட்டா பத்துல ஒரு பங்குதான் காட்டும்."

"அப்படியும் ரெண்டரைக் கட்டத்தைத் தொடாது, இங்க மூணு இருக்கு. சரி, உங்களுக்காக விட்டுக் குடுத்தேன். அகலத்துக்கு வருவோம். அரை விநாடின்னா, ஐந்நூறு மில்லி விநாடி. ஐந்நூறுக்குப் பக்கத்துல 'எம்' இருக்கணும். இங்க இருக்கறது வால் வெச்ச 'யு'. அதுக்கு மைக்ரோன்னு பேரு. மில்லியைவிட ஆயிரம் மடங்கு சின்னது. இந்தப் படத்துல இருக்கிறது விநாடிக்கு ஆயிரம் தடவை ஏறி இறங்குது." அவர் லீலா பக்கம் திரும்பினார். "நீ விநாடிக்கு எத்தன தடவை மிதிப்பே?"

"ஒருவாட்டிங்க."

யாரோ சிரித்தார்கள். தனகோடி ஃபோனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். வால் இருந்தது.

ஸ்டீவ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "ஒயர் மாறியிருக்கும் மேடம். கன்ட்ரோலர்லேர்ந்து டிசைன் போற ஒயர்ல வெச்சிருப்பேன். அது வேகமாத்தான் ஓடும்."

அதுவரை தலை குனிந்து நின்ற லீலா நிமிர்ந்தாள். "அந்த ஒயர்லதான் மயிலு போவுதுங்களா?"

"ஆமா."

"மயிலுக்கு எத்தன கிராஃப் போட்டிருப்பேன்! கொண்டைக்கு ரெண்டு கட்டம், கழுத்துக்கு அஞ்சு, தோகைக்கு நாப்பது, நடுவுல ஒண்ணு விட்டு மூணு. ஒரு வரி மாதிரி இன்னொரு வரி வராது. இது ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. இது மயிலு இல்ல சார். கட்டம் போட்ட லுங்கி!"

கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. தனகோடிகூடச் சிரித்துவிட்டு, தான் சிரிக்க வேண்டிய ஆள் இல்லை என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். கட்டம் எண்ணிப் பிழைக்கிற ஜனங்களிடம் போய், கட்டம் போட்ட படத்தைக் காட்டி ஏமாற்றலாம் என்று ஸ்டீவ் நினைத்தாரே, அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது!

ஃப்ளோரன்ஸ் ஸ்டீவின் ஸ்கோப்பை மேசையில் வைத்து உயிர் கொடுத்தார். தறிப் பக்கமே போகவில்லை. ப்ரோப்பின் கொக்கியை, ஸ்கோப்பின் முகத்திலேயே துருத்திக்கொண்டிருந்த சின்ன உலோக நாக்கில் மாட்டினார். திரையில் கோடு ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று ஐந்து முறை ஏறி இறங்கியது. உயரம் மூன்று கட்டம். கிராஃப் தாளில் இருந்த அதே படம்.

"ப்ரோப் சரியா இருக்கான்னு பாக்க ஸ்கோப்புக்காரன் வெச்சிருக்கிற சிக்னல் இது. விநாடிக்கு ஆயிரம் தடவை, மூணு வோல்ட்டு. திங்கக்கிழமை இவரு தறியைத் தொடவே இல்ல. தொட்டிருந்தா உண்மை தெரிஞ்சிருக்கும். இப்ப தொட்டுப் பாப்போம். லீலா, தறியில உக்காரு."

லீலா உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தாள். ஃப்ளோரன்ஸ் மின்சாரப் பெட்டியின் ஒயரில் ப்ரோப்பை மாட்டினார். ஒரு கட்டத்துக்கு ஐந்து வோல்ட் என்று திருகினார். ஐந்து கட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு நேர்கோடு ஓடியது. "மொதலாளி மீட்டர்ல பாத்த இருபத்துநாலு இதான். இப்ப ஸ்கோப்புக்கு ஒரு காவல் வேலை குடுக்கறேன். இருபதுக்குக் கீழே எப்ப இறங்கினாலும் அந்த நொடியைப் பிடிச்சு நிறுத்தி வெக்கணும். இதுக்கு ட்ரிக்கர்னு பேரு. அபிதாம்மா, மோட்டாரைப் போடுங்க."

அபிதகுசாம்பாள் சுவிட்சைப் போட்டார். டியூப் லைட் சிமிட்டியது. ஸ்கோப்பில் படம் உறைந்து நின்றது. நேர்கோட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதன் அடி மூன்று கட்டத்துக்கும் கீழே கிடந்தது.

"மோட்டார் கெளம்பறப்ப மெயின் கரண்டு கொறையுது, கால் விநாடிக்குப் பதினாலு வோல்ட்டு. அதுல காந்தம் பிடியை விட்டுடும், இழை எழும்பாது. ஒரு குச்சி சுத்தி முடிக்கறதுக்குள்ள லீலா ஒரு சாண் நெய்யுது. அதான் சாணுக்கு ஒண்ணு. மிதியை விட்டிருக்கிற நேரமா பாத்துப் பள்ளம் விழுந்தா அது மட்டும் தப்பிச்சுடும்."

லீலா நெய்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். மயிலின் கழுத்தில் புதிதாக ஒரு கோடு அறுந்திருந்தது. பத்து நாளாக அவளை அழ வைத்த அதே கோடு. இந்த முறை அதைப் பதினைந்து பேரும் பார்த்தார்கள்.

"ஐயையோ, அப்போ நான்தான் கெடுத்தேனா?" அபிதகுசாம்பாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். சார்லி கூரையைப் பார்த்தார்.

"இல்லம்மா. மூணு மாசமாவே இந்த மோட்டார் ஓடிகினுதானே இருக்கு? பத்து நாளா மட்டும் ஏன் கெடணும்? நல்ல பெட்டியா இருந்தா இந்தக் கால் விநாடியைத் தாங்கிகினு போயிருக்கும். இது நல்ல பெட்டி இல்ல. உள்ள மின்சாரத்தைச் சேத்து வெக்கற கெப்பாசிட்டர் ரெண்டு உப்பிக் கெடக்கு. ஓட்டையெல்லாம் தவிட்டுத் தூசி. பட்டுக் கொட்டாய்க்குத் தவிடு எப்படி வந்துச்சு? ஆரணியில தவிடு இருக்கிற எடத்துல, இதே இருபத்துநாலு வோல்ட்டுப் பெட்டி எதுல இருக்கும்?"

"ரைஸ் மில்லு!" என்று கத்தினார் சார்லி. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. "கறுப்பு அரிசி பொறுக்கற மிஷினு, அண்ணி!"

"அதை ரிப்பேர் பாக்கறதும் இவருதான்."

எல்லோரும் ஸ்டீவைப் பார்த்தார்கள்.

"மில்லுல மிஷின் நின்னுபோச்சு. லோடு நிக்குது, ஜல்தியா வான்னு உயிரை எடுத்தாங்க. பத்து நாளைக்கு முன்னாடி சர்வீசுக்கு இங்க வந்தப்ப, மில்லுப் பெட்டியை இங்க வெச்சுட்டு நல்ல பெட்டியைக் கழட்டிகினு போய் அங்க மாட்டிட்டேன். ரெண்டு நாள்ல புதுசு வந்ததும் மாத்திடலாம்னு இருந்தேன். வரல. அதுக்குள்ள பழி லீலா மேல போயிடுச்சு. அப்புறம் சொல்றதுக்கு வாய் வரல மேடம்."

"வாய் வரலைன்னு சும்மா இருந்திருந்தாகூடப் பரவால்ல," என்றார் ஃப்ளோரன்ஸ். அன்று முழுக்க அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். "பொய்ப் படம் காட்டி ஒரு பொம்பளையோட பொழப்புல கை வெச்சீங்களே!"

ஸ்டீவ் வாசல் பக்கம் நகர்ந்தார். போன் செய்து, நாளைக் காலையில் பெட்டி வந்துவிட வேண்டும் என்று யாரிடமோ மெதுவாகப் பேசினார்.

சார்லி சுமந்து வந்த பையிலிருந்து ஃப்ளோரன்ஸ் தன் கடையில் இருந்த வேறொரு இருபத்துநாலு வோல்ட் பெட்டியை எடுத்து, மெயினை நிறுத்திவிட்டு மாட்டினார். மறுபடி மின்சாரம் வந்ததும் அபிதகுசாம்பாள் மோட்டாரைப் போட்டார், நிறுத்தினார், போட்டார். ஏழு முறை போட்டார். ஏழு முறையும் லைட் சிமிட்டியது. ஸ்கோப் காவல் காத்துக்கொண்டே இருந்தது, பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கோடு ஆடாமல் அசையாமல் நேராக ஓடியது. நெசவாளர்கள் கை தட்டினார்கள்.

தனகோடி தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தப்பு நடந்துபோச்சு, லீலா. மனசுல வெச்சுக்காதே."

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படிங்க?" என்றாள் லீலா. "எல்லாரையும் கூட்டினது நீங்கதானே. அவங்களைப் பாத்துச் சொல்லுங்க."

தனகோடி திரும்பினார். சேவூரில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "லீலா மேல ஒரு தப்பும் இல்ல. விசாரிக்காம பழி போட்டது நான். மன்னிச்சுக்கம்மா."

லீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கெட்டுப்போன இழைகளைப் பிரித்தெடுத்தாள். மிதியில் காலை வைத்தாள். அபிதகுசாம்பாள் விடாமல் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருக்க, இழை இழையாக மயில் எழுந்தது. கழுத்து வந்தது, கொண்டை வந்தது. தனகோடி மூக்கு நூலில் படுகிற அளவுக்குக் குனிந்து தேடினார். ஒரு கோடுகூட அறுந்திருக்கவில்லை.

"நாளைக்குக் காலையில எப்பவும் போல வந்துடும்மா," என்றார் அவர் நிமிர்ந்து.

"வரேங்க," என்றாள் லீலா, நாடாவை நிறுத்தாமலே. "ஆனா இனிமே கோளாறுன்னு வந்தா, மொதல்ல மிஷினை விசாரிங்க. அது இல்லன்னு சொன்னா, அப்புறம் எங்கிட்ட வாங்க."